வந்தவரைத் தெய்வமாக்காதீர்கள்

ஆடி பிறந்தால் யாழ்ப்பாணத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். லண்டனிலும் டொரொண்டோவிலும் பள்ளி விடுமுறை; நல்லூரில் இருபத்தைந்து நாள் திருவிழா. அந்த வாரங்களில் வந்து இறங்குகிறவர்களில் ஒரு சிறு பகுதியினர் உறவு பார்க்க மட்டும் வருவதில்லை. சத்திரசிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், பொறியியலாளர், பல்கலைக்கழக ஆசிரியர் என்று இருபது முப்பது வருடம் பிறநாட்டில் உழைத்துத் தேடிய தொழிலறிவில் கொஞ்சத்தையாவது பிறந்த ஊரில் கொடுத்துவிட்டுப் போக நினைக்கிறவர்கள் அவர்கள். நல்ல நினைப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிச் சொல்லப்போவது அவர்களுக்கும் கசக்கும், அவர்களை வரவேற்கும் நமக்கும் கசக்கும்.

நாம் எப்படி வரவேற்கிறோம்? ஒரு மண்டபம் எடுக்கிறோம். மங்கள விளக்கு, இறைவணக்கம், ஆசியுரை, வரவேற்புரை, பொன்னாடை, மாலை. வந்தவர் பேசக் கிடைப்பது கடைசி அரை மணித்தியாலம். பேசி முடித்ததும் படம் எடுக்கிறோம். அடுத்த நாள் பத்திரிகையில் அந்தப் படம் வருகிறது. ஊரில் ஒரு வார்த்தை பரவுகிறது: "கடவுள் மாதிரி வந்து நிற்கிறார்."

இந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குப் பெரிய சண்டை.

கடவுளிடம் யாராவது கணக்குக் கேட்டதுண்டா? பிள்ளை பிழைத்தால் அவன் அருள். பிள்ளை செத்தால் விதி. எந்தப் பக்கம் விழுந்தாலும் அவனுக்குக் குறை வராது. ஒரு மருத்துவரைக் கடவுளுக்கு ஒப்பிடும்போது அந்தச் சலுகையை அப்படியே தூக்கி அவர் கையில் கொடுக்கிறோம். அவர் செய்த வேலை சரியா, பிழையா, அவர் போன பிறகு என்ன ஆனது என்று கேட்கும் உரிமையை நாமே விட்டுக்கொடுக்கிறோம். மரியாதை என்ற பெயரில் நடப்பது இதுதான். மனிதனை மனிதனாக மதிக்கிறவன் அவனிடம் கேள்வி கேட்பான்.

"கைராசிக்காரர்" என்ற பேச்சும் அப்படித்தான். வெளிநாட்டு டொக்டருக்கு நல்ல கைராசியாம், தொட்டால் சுகமாம். கையில் ஏது ராசி? அவர் அதே சத்திரசிகிச்சையை ஆயிரம் முறை செய்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் பயிற்சி பெற்ற தாதி நின்றாள், மயக்க மருந்து நிபுணர் நின்றார், கருவிகள் சரியாகக் கிருமி நீக்கப்பட்டிருந்தன, பிழை நேர்ந்தபோது அடுத்த வாரக் கூட்டத்தில் அது எல்லார் முன்னிலையிலும் அலசப்பட்டது. அவர் கையின் சூட்சுமம் அவ்வளவுதான், அதில் பெரும்பகுதியை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்க முடியும். ராசி என்று சொல்லிவிட்டால் கற்றுக்கொடுக்கவும் வேண்டாம், கற்கவும் வேண்டாம்; கும்பிட்டால் போதும். மூடநம்பிக்கை கோயில் வாசலோடு நிற்பதாக யார் சொன்னது? அது சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள்ளும் வருகிறது. வந்து, இருபத்து நான்கு மணித்தியாலமும் அங்கே நிற்கிற உள்ளூர் மருத்துவரின் தலையில் குட்டுகிறது. அவர் கையில் பிழைத்தவர்கள் நேர்த்தி வைத்ததால் பிழைத்தார்களாம்; இறந்தவர்களை அவர் கொன்றாராம்.

வந்தவர் விமானம் ஏறிய பிறகு என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். கழுத்துக் கழலைக்காகத் தைரொய்ட் சுரப்பியை முழுதாக அகற்ற வேண்டிய ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். வந்திருக்கும் நிபுணர் வியாழக்கிழமை செய்கிறார், துப்புரவாகச் செய்கிறார். சனிக்கிழமை காலை அவர் கட்டுநாயக்கா விமான நிலையத்தில். ஞாயிறு இரவு அந்தப் பெண்ணுக்கு உதட்டைச் சுற்றி விறுவிறுக்கிறது, விரல் நுனிகள் மரத்துப்போகின்றன, கை கோணிக்கொண்டு இழுக்கிறது. தைரொய்டின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கு சின்னஞ்சிறு சுரப்பிகள் அடிபட்டால் இரத்தத்தில் கல்சியம் இறங்கும். பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே இறங்கும். விடுதியில் நிற்பவர் வேலைக்கு வந்து நான்கு மாதமான பயிற்சி மருத்துவர். அவர் நோயாளியின் குறிப்பேட்டைப் புரட்டுகிறார். செய்த சத்திரசிகிச்சையின் பெயர் இருக்கிறது, திகதி இருக்கிறது. அந்த நான்கில் எத்தனை காப்பாற்றப்பட்டன, எதைக் கவனிக்க வேண்டும், யாரை அழைக்க வேண்டும், ஒன்றும் இல்லை. "மிஸி, ரிப்போட் வந்துவிட்டதா?" என்று கேட்கிறார். "ரிப்போட்டுக்குக் காத்திருக்க ஏலாது டொக்டர், கையைப் பாருங்கோ, கல்சியம் குடுக்க வேணும்" என்கிறாள் பதினெட்டு வருடம் இரவுக் கடமை பார்த்த தாதி.

அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது யார்? பத்திரிகையில் யாருடைய படம் வந்தது?

இந்த இடத்தில் ஒரு குரல் எழும் என்று தெரியும்: "ஒன்றுமில்லாததற்கு இது மேல்தானே?" இந்த வசனத்தை நாம் பல காலமாகக் கேள்வி இல்லாமல் விழுங்கி வருகிறோம். மேல்தானா? கூடத்தில் ஒரு நாளுக்கு இத்தனை சத்திரசிகிச்சை என்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. வந்தவருக்காக இரண்டு நாள் ஒதுக்கினால், பல மாதமாகக் காத்திருந்த சிலர் பின்னால் தள்ளப்படுகிறார்கள். அவருக்கு உதவ நிற்கும் தாதியர் வேறு விடுதியிலிருந்து எடுக்கப்படுகிறார்கள். அவர் கேட்ட கருவியைத் தேட ஒருவர் கொழும்புக்கு ஓடுகிறார். எதுவும் சும்மா வருவதில்லை. யாரோ ஒரு நோயாளி அதன் விலையைக் கொடுக்கிறார், அவரிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை. விலைக்குத் தக்க பலன் இருந்தால் சரி. பலன் என்ன? அவர் மூன்று வாரத்தில் பத்துப் பேருக்குச் செய்துவிட்டுப் போனார் என்றால், பதினோராவது ஆளுக்கு யார் செய்வார் என்பதுதான் என் கேள்வி. அதற்குப் பதில் இல்லையென்றால், அங்கே அறிவு கைமாறவில்லை. சேவை மட்டும் நடந்திருக்கிறது. சேவை இழிவான காரியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அறிவைப் பகிர வந்தேன் என்று சொல்லாதீர்கள்.

தற்காலிகமாகத் திரும்பி வருவது புதிய யோசனை இல்லை. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் 1977-இல் துருக்கியில் டோக்டன் என்ற பெயரில் இதைத் தொடங்கியது. நாட்டை விட்டுப் போனவர்கள் நிரந்தரமாகத் திரும்ப மாட்டார்கள் என்ற உண்மையை ஒப்புக்கொண்டு, சில வாரம் முதல் மூன்று மாதம் வரை வந்து வேலை செய்யட்டும், பயணச்செலவும் தங்கும் செலவும் தருவோம், ஊதியம் கிடையாது என்றார்கள். இந்தியா, பாகிஸ்தான், லெபனான், பாலஸ்தீனம், மாலி என்று அது பரவியது. ஆபிரிக்காவுக்கென்று புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பு 2001-இல் இன்னொரு திட்டம் கொண்டுவந்தது. இந்திய அரசு 2017-இல் வஜ்ரா என்று ஒன்றைத் தொடங்கி, ஒன்று முதல் மூன்று மாதம் வரை வருகிற அறிவியலாளருக்கு முதல் மாதத்துக்கு 15,000 டொலர் என்று தொகை வைத்தது. ஊதியம் கொடுப்பதா இல்லையா என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. காசு வாங்கி நன்றாகக் கற்பித்தவர் இலவசமாக வந்து படம் எடுத்தவரைவிட மேலானவர். எந்தத் திட்டத்தையும் அளக்க வேண்டிய கோல் ஒன்றுதான்: அவர் போன மறுநாள், முன்பு செய்யத் தெரியாத எதை உள்ளூரில் யார் செய்கிறார்?

இந்தக் கோலால் அளந்தால் யாழ்ப்பாணத்தில் முதலிடம் ஓர் அமெரிக்கருக்குப் போகும். சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் மிஷன் மருத்துவராக வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை வைத்தார். சில காலம் ஆங்கிலத்தில் கற்பித்துப் பார்த்தார். படித்தவர்கள் அரச வேலை தேடி வேறிடம் போவதைக் கண்டு, 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். தானே தமிழ் படித்து, உடற்கூற்றியல் முதல் சத்திரசிகிச்சை வரை நூல்களைத் தமிழில் ஆக்கினார், ஆக்குவித்தார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி வந்தது 1870-இல். அதற்கு முன்பே மானிப்பாயில் தமிழ்ப் பிள்ளைகள் தமிழில் படித்து வைத்தியரானார்கள். 1873-இல் அவர் ஊர் திரும்பினார். வேலை நிற்கவில்லை. அவரிடம் படித்தவர்கள் ஊர் ஊராக இருந்தார்கள்.

அவர் வந்த நோக்கம் மதம் பரப்புவது. அந்த நோக்கத்தோடு எனக்கு ஒரு சொட்டும் உடன்பாடில்லை. ஆனால் அவர் விட்டுப்போனதை அளக்க எனக்கு அவருடைய வேதமும் தேவையில்லை, என்னுடைய வேதமும் தேவையில்லை. பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணுக்கு அவளுடைய மொழியில் பேசிச் சிகிச்சை செய்யத் தெரிந்த ஒருவர் பக்கத்து ஊரில் இருந்தாரா, இல்லையா? இருந்தார். இதுதான் அளவு. ஓர் அந்நியர் நூற்றைம்பது வருடத்துக்கு முன் செய்ததை, யாழ்ப்பாணத்திலேயே பிறந்து வளர்ந்து தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர், ஐந்து நட்சத்திர விடுதியில் ஆங்கிலத்தில் ஒரு பவர்பொயின்ட் காட்டிவிட்டுப் போய் ஈடுசெய்ய முடியுமா?

அந்த வரவேற்பு மண்டபத்தில் யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். நிபுணர்கள், பேராசிரியர்கள், அதிகாரிகள். விடுதித் தாதியர் உண்டா? குடும்பநல மாது உண்டா? ஆய்வுகூட உதவியாளர், கருவி திருத்துபவர் உண்டா? 1940-களின் நடுவில் இலங்கையில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 1,500-க்கு மேற்பட்ட தாய்மார் செத்தார்கள். இந்தப் பதினைந்து இருபது ஆண்டுகளில் அந்த எண் முப்பது நாற்பது என்ற அளவுக்கு வந்துவிட்டது. இதைச் செய்தவர்கள் யார்? வெள்ளைச் சீலையும் சைக்கிளும் பையுமாக வீட்டுக்கு வீடு போய், கர்ப்பிணியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, அட்டையில் எழுதி, நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய குடும்பநல மாதர்தான் இதன் பெரும்பங்காளிகள். உலகமே வந்து படித்துவிட்டுப் போகிற வெற்றி இது. அதைச் செய்தவர்களுக்குப் பொன்னாடையும் இல்லை, பயிற்சிக்கு அழைப்பும் இல்லை. படிநிலையில் மேலே இருப்பவருக்கு மட்டும் அறிவைக் கொட்டினால் அது தானாகக் கீழே வடியும் என்று எந்தச் சாத்திரம் சொல்கிறது? சாதி போட்டுக்கொடுத்த ஏணியை மருத்துவமனைக்குள்ளும் நட்டு வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வடக்கில் ஓர் ஆதார வைத்தியசாலையின் களஞ்சிய அறையில், பிளாஸ்டிக் உறை போட்டு மூடிய ஓர் இயந்திரத்தைப் பார்த்தேன். மேலே அன்பளிப்புச் செய்த குடும்பத்தின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு, தகட்டின் ஓரத்தில் காய்ந்துபோன சந்தனப் பொட்டு. கனடாவிலிருந்து வந்தது. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அந்த இயந்திரத்துக்கு இது ஒத்துவரவில்லை. ஒத்துவரச் செய்யும் கருவி வாங்கக் காசில்லை. வாங்கினாலும் உதிரிப்பாகம் கிடையாது. அனுப்பியவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்திருக்கக்கூடிய விஷயம். அவர் கேட்கவில்லை, பெற்றுக்கொண்டவரும் சொல்லவில்லை. தருகிறவரைக் கேள்வி கேட்பது நன்றிகெட்ட செயல் என்று நினைத்திருப்பார். சில நாடுகளில் நன்கொடையாக வரும் மருத்துவக் கருவிகளில் 10 முதல் 30 சதவீதம் வரைதான் இயங்கும் நிலைக்கு வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. எஞ்சியவை? அவற்றுக்கும் பொட்டு வைத்திருப்பார்கள்.

வருகிறவர்களிடம் இன்னொரு கேள்வி உண்டு. எங்கே போகிறீர்கள்? படித்த பள்ளிக்கூடம், பிறந்த ஊர், பழைய மாணவர் சங்கம். அந்தப் பள்ளியில் ஏற்கெனவே ஸ்மார்ட் வகுப்பறை இருக்கிறது. அதற்கு மூன்று மைல் தள்ளி, 1968-இல் மாவிட்டபுரத்தில் சாதி பார்க்காமல் கோயிலுக்குள் விடுங்கள் என்று நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர் இல்லை. அந்தப் பக்கம் யாருடைய காராவது திரும்பியிருக்கிறதா? "எங்கட ஊர்" என்று நெகிழ்ந்து சொல்லும்போது அந்த ஊரின் எல்லையைச் சாதி போட்டதா, நீங்கள் போட்டீர்களா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

எல்லையை இன்னும் கொஞ்சம் நகர்த்துகிறேன். உங்களைப் படிக்கவைத்தது யார்? 1945-இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி. பாலர் வகுப்பிலிருந்து மருத்துவப் பட்டம் வரை கட்டணம் இல்லை. அரசிடம் அந்தக் காசு எங்கிருந்து வந்தது? நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பகுதி தேயிலையும் றப்பரும் தெங்கும் தந்த காலம் அது. தேயிலை பறித்தது யார்? திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் இன்னும் பல சீமைகளிலிருந்தும் கொண்டுவரப்பட்டு, லயத்தில் அடைக்கப்பட்ட மலையகத் தமிழ்ப் பெண்கள். 1948-இல் ஒரு சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. அவர்களுடைய பிள்ளைகளின் தோட்டப் பள்ளிகளை அரசு பரவலாகப் பொறுப்பேற்றது 1970-களில்தான். அவர்கள் உழைப்பில் இலவசக் கல்வி நடந்தது, அவர்கள் பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை. அவர்களுடைய நாட்கூலி ஆயிரம் ரூபா ஆனது 2021-இல்.

இந்தக் கடனைப் பற்றிப் பேசினால் கோபம் வருகிறது. "எங்களை அடித்துத் துரத்திய நாட்டுக்கு என்ன கடன்? பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது, யாழ்ப்பாண நூலகம் எரிந்தது, எண்பத்துமூன்று இனக்கலவரம் வந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினோம்." உண்மை. ஓர் எழுத்தையும் நான் மறுக்க மாட்டேன். அரசுக்கு நீங்கள் எந்தக் கடனும் பட்டிருக்கவில்லை. அது உங்களுக்குப் பட்ட கடனைத்தான் இன்னும் தீர்க்கவில்லை. ஆனால் கொழுந்து பறித்தவள் உங்கள் வீட்டை எரித்தாளா? எண்பத்துமூன்றில் அவளுடைய லயங்களும்தான் எரிந்தன. அரசு வேறு, நோயாளி வேறு. அரசின் மேலுள்ள கோபத்தை நோயாளியின் கணக்கில் எழுத நியாயம் கிடையாது. போக வேண்டாம் என்று இருந்தால் அது உங்கள் உரிமை, உங்களைக் கட்டாயப்படுத்த யாருக்கும் அதிகாரம் இல்லை. போவது என்று முடிவெடுத்தால், ஒருமுறையாவது நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ பஸ் ஏறுங்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு பேராசிரியருக்கு நீங்கள் சொல்லப்போகும் விஷயம் அவருக்கு அனேகமாகத் தெரிந்திருக்கும். தோட்ட வைத்தியசாலையில் தனியாக நிற்கும் மருத்துவ உதவியாளருக்கு அது புதிதாக இருக்கும்.

அறிவு மேற்கிலிருந்து கிழக்குக்கு மட்டும் ஓடுகிறது என்ற நினைப்பையும் உடைக்க வேண்டியிருக்கிறது. 2009-இன் முதல் மாதங்களில், போரின் கடைசிக் கட்டத்தில், வன்னியில், பள்ளிக்கூடக் கட்டடங்களில், மயக்க மருந்து தீர்ந்துபோன நிலையில், செல் விழுந்துகொண்டிருக்க, அரச மருத்துவர்கள் சிலர் சத்திரசிகிச்சை செய்தார்கள். சண்டை முடிந்ததும் அவர்களைப் பிடித்து மாதக்கணக்கில் அடைத்துவைத்தார்கள். இல்லாமையில் உயிர் காப்பது பற்றி அவர்களுக்குத் தெரிந்தது எந்த லண்டன் மருத்துவமனையில் கற்பிக்கப்படுகிறது? வருகிறவர் முதல் வாரம் வாயை மூடிக்கொண்டு, விடுதியில் நின்று பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

அல்லது வேறொரு பக்கம் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் வயலில் பாம்பு கடித்த ஒருவருக்கு ஏற்றப்படும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் செய்யப்படுகிறது. அதற்கான விஷத்தைப் பெரும்பாலும் தருகிறவர்கள் சென்னைக்குப் பக்கத்தில் 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்த, பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினர். அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைத்தார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பல்கலைக்கழகமும் அரசும் சேர்ந்தும் கண்டுபிடிக்கத் திணறிக்கொண்டிருந்த நேரம். போய் இரண்டு வாரத்துக்குள் ஒரு டசினுக்கு மேல் பிடித்துக்கொடுத்தார்கள். எப்படித் தேடுவது என்று அங்குள்ளவர்களுக்குக் காட்டினார்கள். திரும்பி வந்தார்கள். 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தற்காலிகமாகப் போய் அறிவைப் பகிர்ந்த நிபுணர்கள் என்றால் இவர்களும்தான். நிபுணர் என்றதும் கோட்டும் ஆங்கில உச்சரிப்பும் மனதில் வருகிறதென்றால், அந்த மனதைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும்.

இனி இங்கே இருப்பவர்கள் பக்கம் திரும்புகிறேன். 2022-இல் நாடு கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. மருந்து இல்லை, எரிபொருள் இல்லை. நூற்றுக்கணக்கில் மருத்துவர்கள் போனார்கள். 2023-இல் அநுராதபுரம் போதனா வைத்தியசாலையிலேயே ஒரு குழந்தைகள் விடுதியை ஆளில்லாமல் மூட வேண்டி வந்தது. நிபுணராகிறவர் பயிற்சியின் ஒரு பகுதியை வெளிநாட்டில் முடிக்க வேண்டும் என்பது நம் நாட்டில் இருந்துவந்த விதி. அப்படிப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. அவர்களைத் திட்ட நான் தயாரில்லை. பிள்ளைக்குப் பால்மா வாங்க வரிசையில் நின்றவருக்குத் தேசபக்திப் பாடம் எடுக்க எனக்கு நா எழாது. ஆனால் இந்த ஓட்டையை மூன்று வார விருந்தாளிகளால் அடைத்துவிடலாம் என்று ஓர் அரசு காட்டினால், அதைக் கண்டு கைதட்டுகிறவர்களைத் திட்டுவேன். நிரந்தர வெற்றிடத்தைத் தற்காலிக வருகையால் மூடிக் காட்டுவது மோசடி. நாம் பயிற்றுவித்தவரை எடுத்துக்கொண்ட பிரிட்டனும் அவுஸ்திரேலியாவும் இதில் குற்றமற்றவர்கள் இல்லை. மருத்துவப் பணியாளரை ஏழை நாடுகளிலிருந்து எடுப்பது குறித்து உலக சுகாதார நிறுவனம் 2010-இல் நெறிமுறை ஒன்றை வகுத்தது. கட்டாயம் இல்லை, விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில் அது நிற்கிறது. அந்த நாடுகளுக்கு உண்மையில் மனச்சாட்சி இருந்தால், தாங்கள் பயிற்சிச் செலவில்லாமல் பெற்றுக்கொண்ட மருத்துவர் வருடத்தில் ஆறு வாரம் தன் நாட்டில் கற்பிக்கச் சம்பளத்தோடு விடுப்புக் கொடுக்கட்டுமே. அவர் தன் பிள்ளைகளோடு கழிக்க வேண்டிய விடுமுறையைத்தான் இன்று இதற்குச் செலவழிக்கிறார். அவருடைய மனைவி பிள்ளைகள் கொடுக்கும் விலையையும் நாம் கணக்கில் எடுப்பதில்லை.

மூன்று வார வருகை போக வருடத்தில் எஞ்சிய நாற்பத்தொன்பது வாரமும் சும்மா கிடக்க வேண்டியதில்லை. கோவிட் காலம் எல்லாருக்கும் சூமைப் பழக்கிவிட்டது. புற்றுநோயாளி ஒருவரின் படங்களை யாழ்ப்பாணத்தில் இருப்பவரும் இங்கிலாந்தின் லெஸ்ரரில் இருப்பவரும் வாரம் ஒரு மணித்தியாலம் ஒன்றாகப் பார்த்து முடிவெடுக்கலாம். பேச்சில் சொல்லக்கூடியதை எல்லாம் அங்கிருந்தே சொல்லிவிட்டால், வருகிற மூன்று வாரத்தைக் கையால் மட்டுமே கற்பிக்கக்கூடியதற்கு மிச்சம் பிடிக்கலாம்.

வைத்தியசாலைப் பணிப்பாளர்களே, அடுத்த ஆடிக்கு வருவதாக மின்னஞ்சல் வரும்போது, நன்றி சொல்லி மண்டபம் எடுப்பதற்கு முன் ஒரு பதில் எழுதுங்கள். எந்தச் சிகிச்சை எங்களிடம் இல்லை, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எழுதுங்கள். அதைக் கற்கப்போகும் மருத்துவரின் பெயரையும் இரண்டு தாதியரின் பெயரையும் எழுதுங்கள். எங்கள் மின்சாரம் இது, உதிரிப்பாகம் இல்லாத கருவியை ஏற்கமாட்டோம் என்று எழுதுங்கள். கடைசி ஐந்து நாள் சத்திரசிகிச்சை கிடையாது, செய்தவர்களை நீங்களே விடுதியில் நின்று பார்க்க வேண்டும், கிளினிக் கொப்பியில் உங்கள் கையெழுத்தும் தொலைபேசி இலக்கமும் இருக்க வேண்டும், பிழை நடந்தால் எல்லார் முன்னிலையிலும் பேசுவோம் என்று எழுதுங்கள். விழா இல்லை என்றும் எழுதுங்கள். முதல் வருடம் நீங்கள் செய்யுங்கள், எங்கள் ஆள் உங்களுக்கு உதவட்டும். இரண்டாம் வருடம் எங்கள் ஆள் செய்யட்டும், நீங்கள் எதிர்ப்பக்கம் நில்லுங்கள். மூன்றாம் வருடம் நீங்கள் கையுறை போடாமல் சுவரோரம் நிற்க வேண்டும். சம்மதமா என்று கேளுங்கள். சம்மதம் வந்த பிறகு திகதியைக் கொடுங்கள்.